மூணு ‘அ’வும் ஒரு ‘ஆ’வும்

ஒரு குடும்பத்தின் சரித்திரம் தெரிய வேண்டுமானால் கல்யாண ஆல்பத்தைப் புரட்டாதீர்கள். அதில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். மாடிப்படிக்கு அடியில் குனிந்து பாருங்கள். உண்மை அங்கேதான் இருக்கும்.

மாமனார் வீட்டுச் சீராக வந்து, தலை தீபாவளியன்றே கால் ஒடிந்த நாற்காலி. டி.வி. செத்துப் பத்து வருஷமாகியும் இன்னும் உயிரோடு இருக்கும் டி.வி. ஸ்டாண்டு. பையன் காலேஜுக்குப் போய் அரியர்ஸ் வைத்த பிறகும், ‘இருக்கட்டும், அவன் புள்ளைக்கு ஆகும்’ என்று காத்திருக்கும் நடைவண்டி. ஒற்றைக் கதவு பீரோ. அதன் மேல் ஒரு ஜன்னல் சட்டம்; எந்த வீட்டு ஜன்னல் என்று யாருக்கும் தெரியாது. அதற்கும் மேலே ஒரு பூனை. அதுவும் எந்த வீட்டுப் பூனை என்று யாருக்கும் தெரியாது.

கல்யாணமாகாதவர்களுக்கு இந்தப் பிரச்னை இல்லை. பேக்கிங் பெட்டியைக் கவிழ்த்தால் மேஜை, நிமிர்த்தினால் அலமாரி. (கல்யாணமான மறு வாரம் அது ‘ஐயே, இது என்ன கருமம்?’ ஆகிவிடும். மாடிப்படி மியூசியத்துக்கு அதுதான் அடிக்கல்.)

மொரப்பூர் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தெருவில் சுமார் நாற்பது வீடு. அதாவது நாற்பது மியூசியம். இந்தச் சாமான்களை யாரும் குப்பை என்று சொல்லி நான் கேட்டதில்லை. ‘மரச் சாமான்’ என்று மரியாதையாகத்தான் சொல்வார்கள். வருஷத்தில் ஒரே ஒரு ராத்திரி மட்டும் அந்த மரியாதை பறிபோகும். போகிக்கு முந்தின ராத்திரி.

காயலான் கடையில் போட்டால் என்ன என்பீர்கள். போட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக் குடத்துக்கு ஒரு ரேட்டு சொல்வார். பழைய பேப்பருக்கு ஒரு ரேட்டு. ஓட்டைச் சைக்கிளைப் பார்த்தால் முகம் மலர்வார். மரத்தைக் காட்டினால்?

“அது வேணாங்க சார். வேணும்னா அதுல இருக்கற ஆணியைப் புடுங்கிக் குடுங்க. எடை போட்டுக் காசு தரேன்.”

ஆறடித் தேக்குச் சட்டத்துக்கு விலை இல்லை. அதில் இருக்கும் ஆறு ஆணிக்கு உண்டு. இது என்ன நியாயம் என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. யோசித்தால் அவர் சொல்வதில் தப்பே இல்லை. இரும்பை உருக்கலாம். உடைந்த போல்ட்டும் உடையாத தண்டவாளமும் உலைக்குள் போனால் ஒன்றுதான். பேப்பரைக் கூழாக்கலாம். மரத்தை உருக்க முடியுமா? ஒவ்வொரு துண்டும் தனித்தனி ஆசாமி. ஒன்று நாலடி, ஒன்று ஏழடி. ஒன்றில் வெடிப்பு, ஒன்றில் கீல் இருந்த பள்ளம். அந்த நாலடித் துண்டு யாருக்குச் சரியாக வேண்டுமோ, அவர் பத்து வீடு தள்ளித்தான் இருப்பார். ஆனால் அவருக்கு இது இருப்பது தெரியாது. இதை வைத்திருப்பவருக்கு அவரைத் தெரியாது. சரி, மொத்தமாக லாரியில் ஏற்றி எங்கேயாவது கொண்டுபோய் விற்கலாமென்றால், லாரி வாடகை மர விலையைச் சாப்பிட்டுவிடும்.

ஆகவே, மரத்தைக் குப்பையாக்குவது கரையான் இல்லை, ஸ்வாமி. தூரம்.

நான் வேலை பார்க்கும் ஆபீஸில் இதைத் தினமும் தரிசனம் செய்கிறேன். வராந்தாவில் ‘கண்டம்’ செய்யப்பட்ட நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோபுரமாக நிற்கின்றன. அவற்றை ஏலம் விட ஒரு ஃபைல். அந்த ஃபைலுக்கு ஒரு குறிப்பு, குறிப்புக்கு ஒரு நினைவூட்டல், நினைவூட்டலுக்கு ஒரு விளக்கம். ஃபைல் இப்போது நாற்காலிகளைவிடக் கனம். (பேப்பரும் மரத்திலிருந்து வருவதுதான் என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.) உள்ளே விசிட்டர்கள் உட்கார நாற்காலி இல்லாமல் நிற்கிறார்கள். வெளியே இருக்கும் நாற்காலிக்கும் உள்ளே நிற்கும் ஆளுக்கும் நடுவே பன்னிரண்டு அடி தூரம், பன்னிரண்டு கையெழுத்து.

தூரத்தைப் பற்றி மொரப்பூர்க்காரனுக்கு யாரும் டியூஷன் எடுக்க வேண்டியதில்லை. 1906-லேயே இங்கிருந்து தர்மபுரிக்கு ஒரு குட்டி ரயில் ஓடியது. நேரோ கேஜ். பிறகு அது ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலக யுத்தம் வந்தது. 1941-ல் தண்டவாளத்தை யுத்தத்துக்கென்று பிடுங்கிக்கொண்டு போனார்கள். யுத்தம் முடிந்தது, ஹிட்லர் போனார், தண்டவாளம் மட்டும் திரும்பி வரவில்லை. மொரப்பூர் - தர்மபுரி 36 கிலோமீட்டர் புது லைனுக்கு அடிக்கல் நாட்டியது 2019 மார்ச்சில். கூட்டிக் கழித்துப் பாருங்கள்: எழுபத்தெட்டு வருஷம். ஒரு பொருள் ஊரைவிட்டுப் போக ஒரு நாள் போதும். திரும்பி வர ஒரு ஆயுசு. இந்த ஞானத்துடன்தான் நாங்கள் பிறக்கிறோம்.

சரி, கதைக்கு வருகிறேன். போன வருஷம் மாசி மாசம் எங்கள் எதிர் வீட்டை இடித்தார்கள். பழைய ஓட்டு வீடு. சொந்தக்காரர் பெங்களூரில் இருக்கிறார். இடிக்கிற கான்ட்ராக்டுகளில் ஒரு வழக்கம் உண்டு. இரும்பு, மரம், ஓடு எல்லாம் இடிக்கிறவருக்கு. அதற்குத் தகுந்தபடி கூலியைக் குறைத்துக்கொள்வார். ஜே.சி.பி. வந்து ஒரே காலைப் பொழுதில் அறுபது வருஷக் கூரையைக் கீழே இறக்கிவிட்டது. கான்ட்ராக்டர் வந்தார். வாசல் நிலை, இரண்டு உத்தரம் - இந்தத் தேக்குகளைத் தனியாக எடுத்து வைத்தார்.

“மத்ததெல்லாம் சூளைக்குப் போட்ருங்கப்பா” என்றார். செங்கல் சூளை.

தெருவில் போய்க்கொண்டிருந்த எங்கள் ஆசாரி நின்றார். வயது அறுபத்தஞ்சுக்கு மேல். ஒரு காலத்தில் சுற்று வட்டாரத்தில் அவர் போட்ட கதவு இல்லாத வீடு கிடையாது. ரெடிமேட் கதவு வந்ததிலிருந்து அவருக்கு வேலை, கதவு போடுவது இல்லை, கதவு மாட்டுவது. கீலுக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட். அவர் குவியலிலிருந்து ஒரு கைமரத்தை உருவினார். நகத்தால் சுரண்டினார். முகர்ந்தார். ஒரு கல்லால் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்டார். டாக்டர் இவ்வளவு நேரம் நம்மைப் பார்ப்பதில்லை.

“வேம்புங்க சார். அறுபது வருஷம் கூரையைச் சுமந்திருக்குது. வளையற வயசுல வளைஞ்சு, காயற வயசுல காஞ்சு முடிஞ்சிருச்சு. இதுக்கு மேல இது எதுக்குங்க வளையப் போவுது? இதைப் போயி சூளையில வெக்கறாங்களே!”

இது கவிதை மாதிரி இருந்தாலும் சுத்தமான விஞ்ஞானம். பச்சை மரம் காயும்போது சுருங்கும், முறுக்கிக்கொள்ளும், வெடிக்கும். புது மரத்தில் செய்த கதவு மழைக்காலத்தில் மூட மறுப்பது அதனால்தான். பழைய மரம் இந்தச் சேஷ்டைகளையெல்லாம் சின்ன வயசிலேயே முடித்துவிட்டது. காரைக்குடிப் பக்கம் செட்டிநாட்டு வீடுகள் இடிபடும்போது பர்மாத் தேக்குத் தூணுக்கும் நிலைக்கும் எங்கிருந்தெல்லாமோ ஆள் வருவது இதனால்தான். முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தக்ஷிணசித்ராவில் பழைய வீடுகளையே கழற்றிக் கொண்டுவந்து அப்படியே மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். ஆனால் அது தேக்குக்குக் கிடைக்கும் மரியாதை. எங்கள் தெரு வேம்புக்கும் பூவரசுக்கும் யார் மியூசியம் கட்டுவார்கள்?

எங்கள் தெருவில் ஒரு ரிட்டயர்டு டி.டி.ஆர். இருக்கிறார். அவருக்குக் கார் ஷெட் உண்டு, கார் கிடையாது. அன்று சாயங்காலம் அவர் பதினாலு வீட்டுக் கதவைத் தட்டி, டிக்கெட் கேட்கிற அதே தோரணையில், “ஆளுக்கு இருநூறு எடுங்க” என்றார். ஃபைன் என்று நினைத்துப் பாதிப் பேர் கொடுத்துவிட்டார்கள். சூளைக்காரர் தருவதாகச் சொன்ன அதே தொகையைக் கான்ட்ராக்டரிடம் கொடுத்தோம். அவருக்கு ஏற்றுக்கூலியும் லாரி வாடகையும் மிச்சம். சந்தோஷமாகக் கையெழுத்துக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். நாற்பதடி தூரம் தூக்கிக்கொண்டு போய் ஷெட்டில் போட்டோம். தெருவே தூக்கியது. என் மனைவி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, “வீட்ல ஒரு காஸ் சிலிண்டர் நகத்தமாட்டீங்க” என்றாள்.

போட்டாயிற்று. பிறகு?

பிறகு மற்ற வீட்டு மியூசியங்களும் வர ஆரம்பித்தன. கட்டில் கால், ஊஞ்சல் பலகை, உடைந்த பெஞ்சு, ஓசூர்ப் பக்கம் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பையன்கள் வாங்கி வந்த பேலட் பலகைகள். ஒரே மாசத்தில் ஷெட் நிரம்பியது. நாற்பது மாடிப்படியையும் காலி செய்து ஒரே மாடிப்படி ஆக்கியதுதான் மிச்சம் என்று தோன்றியது. வெறுமனே சேர்த்து வைத்தால் அது மறுபடியும் குப்பைதான். ஊருக்குப் பொதுக் குப்பை.

ஆபீஸில் ரிஜிஸ்தர் எழுதுகிறவன் என்பதற்காக என்னைச் செக்ரடரி ஆக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம். வருகிற ஒவ்வொரு கட்டையையும் நாலு குவியலாகப் பிரிப்பது என்று முடிவாயிற்று. நாலாவது வீட்டு டீச்சர் அதற்குப் பெயர் வைத்தார். மூணு ‘அ’, ஒரு ‘ஆ’.

முதல் அ: அப்படியே. கதவு கதவாகவே, ஜன்னல் ஜன்னலாகவே, பெஞ்சு பெஞ்சாகவே போகும். கொஞ்சம் ஆணி, கொஞ்சம் பசை போதும்.

இரண்டாவது அ: அறுத்து. வடிவம் போனாலும் மரம் நல்லது. அறுத்தும் இழைத்தும் வேறொன்றாகும்.

மூன்றாவது அ: அடுப்பு. இரண்டுக்கும் லாயக்கில்லாத சுத்தமான மரம். டீக்கடைக்கோ வெந்நீர் அடுப்புக்கோ போகும். எரிப்பது பாவம் என்று நாங்கள் சபதம் எடுக்கவில்லை. வரிசையில் அது மூன்றாவது என்று மட்டும் வைத்திருக்கிறோம். காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி கார்பன். ஒரு கிலோ எரிந்தால் ஒண்ணே முக்கால் கிலோவுக்கு மேல் கரியமில வாயு. மரம் காற்றிலிருந்து வாங்கி ஐம்பது வருஷமாக டெபாசிட்டில் வைத்திருந்ததை நாம் போகியன்று அரை மணியில் வித்டிரா செய்கிறோம். 2018 போகியில் சென்னையில் புகையும் பனியும் சேர்ந்து, விமானங்கள் இறங்க வழி தெரியாமல் வேறு ஊருக்குப் போயின. டெபாசிட்டை எடுக்கிறவர்கள் எல்லோரும் ஒரே நாளில் பாங்குக்குப் போனால் அப்படித்தான்.

கடைசியாக, ஆ: ஆபத்து. பழைய மரம் என்றாலே நல்ல மரம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்கவும்.

பழைய பெயின்ட் அடித்த கதவு, ஜன்னல். நம் நாட்டில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி வந்ததே 2016-ல்தான். அதற்கு முந்திய பெயின்ட்டில் எவ்வளவு ஈயம் என்று யார் கண்டது? அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தூள் பறக்கும். குழந்தைகள் மூளைக்கு அது எமன். எரித்தாலும் சாம்பலில் ஈயம் அப்படியே இருக்கும். ஆகவே தேய்ப்பதும் இல்லை, எரிப்பதும் இல்லை.

பிளைவுட், எம்.டி.எஃப். ரகங்கள். இது மரமும் பசையும் கலந்த உப்புமா. அறுத்து வேறு வேலைக்கு உபயோகிக்கலாம். அடுப்பில் வைத்தால் புகையில் பசையின் விஷமும் சேர்ந்து வரும்.

பேலட் பலகை. இதில் ஒரு முத்திரை சுட்டிருப்பார்கள். மரத்தோடு பூச்சியும் தேசம் விட்டுத் தேசம் போகாமல் இருக்க 2002-ல் வந்த சர்வதேச ஏற்பாடு. ‘எச்.டி.’ என்றிருந்தால் மரத்தின் உள்பாகம் வரை 56 டிகிரி சூட்டில் அரை மணி வைத்து எடுத்தது. தாராளமாக அலமாரி செய்யலாம். ‘எம்.பி.’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற விஷப் புகை போட்டது. வீட்டுக்குள் வேண்டாம். (முதல் நாள் ஒரு பையன், “சார், இது எம்.பி. கோட்டாவுல வந்த பலகை போல” என்றான். தொகுதியில் எதுவும் வந்தால்தானே தெரியும்.)

கடைசியாக ரயில்வே ஸ்லீப்பர் கட்டை. 1980-களிலிருந்து கான்கிரீட் ஸ்லீப்பர் பரவி மரக்கட்டைகள் தண்டவாளத்தைவிட்டு ஏலத்துக்குப் போயின. கேட் தூணாக, மாட்டுக் கொட்டகைக் காலாக இன்னும் நிற்கின்றன. அதில் பல, உளுக்காமல் இருக்கக் கிரியோசோட் என்கிற தார் எண்ணெய் குடித்தவை. வெளியே வேலிக்குச் சரி. கட்டிலுக்கோ சாப்பாட்டு மேஜைக்கோ அடுப்புக்கோ கூடாது. எது குடித்தது, எது குடிக்காதது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இந்தக் கேள்விக்குப் பதில் எங்கள் தெருவிலேயே, பதினோராம் நம்பர் வீட்டில், இரண்டு வருஷமாக ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

இந்த மாதிரிப் பிரிக்கிற யோசனை எங்கள் தெருவில்தான் உலகத்திலேயே முதன்முதலாக உதித்தது என்று டி.டி.ஆர். சொல்லிக்கொண்டு திரிகிறார். இல்லை. இங்கிலாந்தில் பிரைட்டன் என்ற ஊரில் 1998-லேயே ஆரம்பித்துவிட்டார்கள். கட்டட வேலை நடக்கும் இடங்களிலிருந்து வேஸ்ட் மரத்தை எடுத்துவந்து, நல்லதை விற்பது, சுமாரானதில் சாமான் செய்வது, மீதியை விறகாக்குவது. அதுவும் மூணு ‘அ’தான். வேலை கிடைக்காமல் ஒதுங்கிக் கிடந்தவர்களை அழைத்துவந்து வேலை பழக்குகிறார்கள் என்பதுதான் அதில் விசேஷம். அந்த மாதிரி வேறு பல ஊர்களிலும் அப்புறம் வந்துவிட்டன. அமெரிக்காவில் பால்டிமோர் நகராட்சி, ஊருக்குள் விழுகிற மரங்களை ‘காம்ப் ஸ்மால்’ என்ற ஒரே யார்டில் சேர்த்து, பிரித்து, ஜனங்களுக்கே விற்கிறது.

இங்கே? 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கில் மரம் சாய்ந்தது. நிழலுக்காக வளர்த்த தூங்குமூஞ்சியும் குல்மொஹரும் மறுநாள் ‘அப்புறப்படுத்த வேண்டிய பொருள்’. ரோடு திறக்க வேண்டிய அவசரத்தில் துண்டு துண்டாக வெட்டினார்கள். இரண்டடித் துண்டாக வெட்டிய மரத்திலிருந்து ஆறடிப் பெஞ்சு வராது. அறுக்கிற நிமிஷத்திலேயே அதன் ஜாதகம் எழுதப்பட்டுவிடுகிறது. 2025 அக்டோபரில் சென்னை மாநகராட்சி, பழைய சோபா, கட்டில், மெத்தைகளைச் சனிக்கிழமைகளில் வீட்டுக்கே வந்து எடுத்துப்போகும் ஏற்பாட்டைத் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் லாரி தெருமுனைக்கு வருவதற்கு முன்னாலேயே, ‘அந்தக் கட்டில் எனக்கு ஆகும்’ என்று எதிர்வீட்டுக்காரர் சொல்ல ஒரு வழி இருந்தால் லாரிக்குப் பாதிப் பாரம் குறையும். அந்த வழியை மாநகராட்சி போட முடியாது. தெருதான் போட வேண்டும்.

எங்கள் தெரு போட்டது வாட்ஸ்அப் வழி. குரூப்புக்கு ‘மரத்தடி’ என்று பெயர். ‘நாலடிப் பூவரசு இருக்கு, யாருக்கு வேணும்?’ என்று போட வேண்டியது. வேண்டுமென்கிறவர் கையைத் தூக்க வேண்டியது. ரோஜாப்பூவோடு குட்மார்னிங் போடுகிறவர்களுக்கு ஒரு கட்டை ஆணி பிடுங்கும் தண்டனை. முதல் வாரத்திலேயே எல்லா ஆணியும் பிடுங்கி முடிந்துவிட்டது.

எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சண்டை வந்தது. சண்டை மரத்தால் இல்லை. கூலியால்.

ஆறாம் நம்பர் வீட்டுக்காரர் ஷெட்டிலிருந்து இரண்டு பலகை எடுத்தார். ஆசாரி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பூஜை அலமாரி செய்து கொடுத்தார். கூலி கேட்டபோது அவர் சிரித்தாராம். “என்னங்க ஆசாரி, மரமே ஃப்ரீயா கெடச்சுது. பொதுக் காரியம்தானே?”

ஆசாரி ஒன்றும் சொல்லவில்லை. இழைப்புளி, உளி, வாள் எல்லாவற்றையும் சாக்குப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டு ஞாயிறு வரவில்லை. ஷெட்டில் பலகை இருந்தது, ஆணி இருந்தது, செக்ரடரி இருந்தேன், குரூப்பில் அறுபது மெம்பர் இருந்தார்கள். ஒரு முக்காலிகூட எழும்பவில்லை.

மூன்றாவது ஞாயிறு கமிட்டி அவர் வீட்டுக்குப் போயிற்று. காபி கொடுத்துவிட்டுச் சொன்னார்:

“நான் கோவிச்சுக்கலீங்க. புது மரத்துல ஒரு நாள்ல செய்யற வேலை, பழைய மரத்துல ஒன்றரை நாளு. ஆணி எங்க ஒளிஞ்சிருக்குன்னு தெரியாது. வாள் பல்லு போச்சுன்னா போச்சு. மரம் எளசா கெடச்சுதுன்னு கையும் எளசாப் போயிடுமா? டாக்டரு சொந்தக்காரரா இருந்தா மாத்திரைக்குக் காசு குடுக்கறீங்கல்ல?”

சபை நிசப்தமாயிற்று. இந்த விஷயத்தில் அடிப்படையே அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். நம் ஊரில் பழைய மரம் எரிவதற்குக் காரணம் மரத்துக்கு விலை இல்லாததல்ல. அதைத் திருத்துகிற கைக்கு நாம் விலை வைக்காதது. புது எம்.டி.எஃப். அலமாரிக்குத் தவணையில் ஐயாயிரம் கட்டுவோம். பழைய பீரோவுக்குக் கதவு போட ஆயிரம் கேட்டால் ‘அநியாயம்’ என்போம். அந்த ஐயாயிரம் ஊரைவிட்டுப் போகிறது, 1941 தண்டவாளம் மாதிரி. இந்த ஆயிரம் எட்டாவது வீட்டுக்குப் போய், சாயங்காலம் தெருமுனை மளிகைக் கடைக்கு வந்துவிடும்.

அன்றே ஷெட் சுவரில் சாக்பீஸால் எழுதினோம்: ‘மரம் இலவசம். கை இலவசம் இல்லை.’ கீழே ஆசாரியின் ஒரு நாள் கூலி. வசதியில்லாத வீட்டு வேலைக்கு மாசச் சந்தாவிலிருந்து கூலி. ஆறாம் நம்பர்க்காரர் பூஜை அலமாரிக்கான பணத்தைக் கவரில் போட்டு அனுப்பிவிட்டார். சாமி காரியமாச்சே, பயம்.

சந்தாவில் நடந்த முதல் வேலைதான் அந்தப் பதினோராம் நம்பர் வீடு. அங்கே இருப்பவர் ரயில்வேயில் கேங்மேனாக இருந்து ரிட்டயரானவர். முப்பது வருஷத்துக்கு மேல் தண்டவாளத்தில் நடந்த கால். பக்கவாதம் வந்து சக்கர நாற்காலி. வாசலில் மூன்று படி. அந்த மூன்று படியால் இரண்டு வருஷமாக அவர் தெருவுக்கு வரவில்லை. யாராவது தூக்கினால்தான் ஆஸ்பத்திரிக்கு.

சரிவுப் பலகை போட வேண்டும். போடலாமென்றால் கணக்கு இடித்தது. சக்கர நாற்காலிக்கு ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். அதைவிடச் செங்குத்தாகப் போட்டால் தள்ளுகிறவருக்கு மூச்சு வாங்கும், இறங்கும்போது நாற்காலி பறக்கும். மூன்று படி, ஒன்றரை அடி. அப்படியானால் பதினெட்டு அடி. வாசலில் இருந்த இடம் பத்தடி. ஆசாரி தரையில் கரிக்கட்டியால் கோடு போட்டார், அழித்தார், மறுபடி போட்டார். கடைசியில் பாதி வழியில் ஒரு மேடை கட்டி, சுவரை ஒட்டித் திருப்பி, ‘ட’ மாதிரி மடக்கிவிட்டார். அடியில் எதிர் வீட்டு வேப்பங் கைமரங்கள். மேலே பேலட் பலகை (எச்.டி.தான், பார்த்துவிட்டோம்). சக்கரம் வழுக்காமல் இருக்கக் குறுக்கே ரீப்பர். மூன்று நாள் வேலை, மூன்று நாள் கூலி.

நாலாம் நாள் காலை அவர் இறங்கினார். மருமகள் பின்னால் பிடித்துக்கொண்டு வந்தாள். யாரும் கைதட்டவில்லை, எல்லோரும் அங்கங்கே ஏதோ வேலையாக இருப்பது போல் நின்றுகொண்டிருந்தோம். நேரே ஷெட்டுக்கு வந்தார். ஒவ்வொரு கட்டையாகப் பார்த்தார். ஸ்லீப்பர் குவியலைப் பார்த்ததும் முகத்தில் ஒரு வெளிச்சம். குனிந்து முகர்ந்தார்.

“தம்பி, இது சால் கட்டை. எண்ணெய் குடிச்சது. வீட்டுக்குள்ள விட்ராதே. இந்தா, இது தேக்கு. இது குடிக்கல. ராசா மாதிரி இருக்கும், வெச்சுக்க.”

எங்கள் ‘ஆ’ குவியலுக்கு இன்ஸ்பெக்டர் கிடைத்துவிட்டார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறினதில்லை. யாரையாவது திட்ட ஆள் கிடைத்ததில் உடம்பும் கொஞ்சம் தேறியிருக்கிறது என்கிறாள் மருமகள்.

பெரிய புரட்சி செய்துவிட்டோம் என்று சொல்லவரவில்லை. தையல் மெஷின் மேல் புத்தகத்தை வைத்துப் படித்துக்கொண்டிருந்த ஒரு பிளஸ் டூ பெண்ணுக்கு மேஜை. அங்கன்வாடிக்கு நாலு குட்டிப் பெஞ்சு. கசாப்புக் கடைக்கு ஒரு புளியங்கட்டை. சில அலமாரி, நிறைய முக்காலி. ஷெட்டில் எப்போதும் வருகிற மரம் போகிற மரத்தைவிட அதிகம். கரையான் கமிட்டியும் தனியாகக் கூடி வேலை செய்கிறது. அடுத்த தெரு இன்னும் சேரவில்லை. அவர்களுக்குக் கார் ஷெட்டில் கார் இருக்கிறது.

உங்கள் தெருவிலும் ஒரு ஷெட்டோ, காலி மனையோ, கார் இல்லாத டி.டி.ஆரோ இருக்கலாம். ஆரம்பிக்க வேண்டியது மரத்தில் இல்லை. பக்கத்தில் யார் வீட்டில் உளி இருக்கிறது என்று விசாரிப்பதில். அந்தக் கைக்கு என்ன கூலி என்று முதல் நாளே சுவரில் எழுதிவிடுங்கள்.

இந்த வருஷப் போகிக்கு எங்கள் தெருவில் ஒரு சங்கடம். கொளுத்த ஒன்றும் கிடைக்கவில்லை. சாஸ்திரம் விடக் கூடாதே என்று பாட்டிமார்கள் முறையிட, அடுத்த தெருவிலிருந்து ஒரு ஓட்டை முறத்தைக் கடன் வாங்கி வந்து நடுத் தெருவில் வைத்தோம். டி.டி.ஆர். நெருப்புப் பெட்டியை எடுத்தார்.

“கொஞ்சம் இருங்க சார்” என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார் ஆசாரி. முறத்தைத் திருப்பிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார்.

“மூங்கில் நல்லாத்தானே இருக்குது?”